புரத டொமைன் தேடல் சரிவராதபோது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் இறுதி வருட ஆய்வு செய்கிற பிள்ளைகள் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு புரதத்தில் என்னென்ன டொமைன், அதாவது தனியாக மடிந்து தனி வேலை செய்கிற பகுதி, இருக்கிறது என்று தேடித் தருகிற இன்டர்ப்ரோ தளத்தின் பக்கம், மேலே புரதத்தின் நீளத்தைக் காட்டுகிற ஒரு கோடு, கீழே வெறுமை, கூடவே "இந்த டூல் வேலை செய்யுதில்லை" என்று ஒரு வரி. டூல் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கோளாறு உள்ளே போட்ட வரிசையில், அதாவது புரதத்தின் எழுத்துத் தொடரில், இருக்கும், இல்லாவிட்டால் வந்த முடிவை வாசித்த விதத்தில் இருக்கும். அதனால் கீழே உள்ளதை அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேரே போங்கள். காசும் நேரமும் செலவாகாத சோதனை முதலில் வரும், ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் போகவேண்டிய வேலை கடைசியில் வரும். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

அறிகுறி 1: அனுப்பு என்று அழுத்தியதும் பிழைச் செய்தி, வேலை தொடங்கவே இல்லை

முதலில் வரிசையில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்ஏயை மொழிபெயர்க்கிற டூல்கள் ஸ்டொப் கோடோனை, அதாவது புரதம் இங்கே முடிகிறது என்கிற மூன்றெழுத்தை, நட்சத்திரமாகப் போடும், இன்டர்ப்ரோவின் தேடல் நிரலான இன்டர்ப்ரோஸ்கான் அதை ஏற்காது. கடைசியில் ஒன்றே ஒன்று இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், வேலை முடிந்தது. நடுவில் இருந்தால் அழிக்கவே வேண்டாம், அது வேறு கோளாறின் அடையாளம், அறிகுறி 2க்குப் போங்கள். நடு நட்சத்திரங்களை அழித்து ஒட்டிய வரிசைக்கு ஒரு முடிவு வந்தாலும் அந்த முடிவுக்குப் பெறுமதி இல்லை.

நட்சத்திரம் இல்லையென்றால் வரிசை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். வேர்ட் கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ கொப்பி பண்ணியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள், இடைக்கோடுகள், வரி எண்கள் கூடவே வந்திருக்கும். நோட்பேடில் ஒரு தடவை ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள். ஃபாஸ்டா என்ற வரிசைக் கோப்பு வடிவில் தலைப்பு வரி பெரிது-குறியோடு தொடங்கி தனி வரியில் நிற்கவேண்டும். தலைப்பும் வரிசையும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டால் சில பக்கங்கள் முழுவதையும் தலைப்பாக எடுத்துவிட்டு வரிசை இல்லை என்று சொல்லும்.

இந்த அறிகுறிக்கு யாரிடமும் போகத் தேவையில்லை.

அறிகுறி 2: வேலை ஓடி முடிந்தது, ஆனால் ஒரு டொமைனும் இல்லை

அதிகம் வருவது இதுதான். கிளை கிளையாகப் போவோம்.

*கிளை அ: போட்டது புரதமா?*

கேட்க அற்பமாக இருக்கும், ஆனாலும் முதலில் இதைப் பாருங்கள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்தும் அமினோ அமிலங்களுக்கும் உண்டு: அலனின், சிஸ்டீன், கிளைசின், திரியோனின். ஆகவே டிஎன்ஏ வரிசையைப் புரதப் பெட்டிக்குள் போட்டால் சில டூல்கள் ஒரு முறைப்பாடும் சொல்லாமல் அதைப் புரதமாகவே எடுத்து ஓடும், முடிவும் வெறுமையாக வரும். வரிசையைக் கண்ணால் பாருங்கள். எம், எல், கே, இ போன்ற எழுத்துகள் கலந்து கிடந்தால் புரதம்.

*கிளை ஆ: சட்டகம் சரியா?*

டிஎன்ஏயை நீங்களே மொழிபெயர்த்தவராக இருந்தால் மூன்று மூன்று எழுத்தாக எங்கிருந்து, எந்தத் திசையில் வாசிப்பது என்ற ஆறு வாசிப்புச் சட்டகத்தையும் பார்த்தீர்களா? எக்ஸ்பசி டிரான்ஸ்லேட் ஆறையும் ஒரே பக்கத்தில் தரும். அதைவிட வேகமான வழி என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவு நிலையத்தின் பிளாஸ்ட்-எக்ஸ். டிஎன்ஏயை அப்படியே போடுங்கள், எந்தச் சட்டகத்தில் எந்தப் புரதத்தோடு பொருந்துகிறது என்று அது சொல்லிவிடும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே புரதத்தின் முன்பாதி சட்டகம் 1இலும் பின்பாதி சட்டகம் 3இலும் பொருந்தினால், நடுவில் எங்கேயோ ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. எந்த இடத்தில் சட்டகம் மாறுகிறதோ அந்த இடத்தைக் குரோமட்டோகிராமில், அதாவது சீக்குவன்ஸ் இயந்திரம் தந்த முகட்டுப் படத்தில், திறந்து பாருங்கள். ஒரே எழுத்து தொடர்ந்து ஆறேழு தடவை வருகிற இடமாக இருக்கும், அல்லது வரிசையின் வால் பகுதியாக இருக்கும், அங்கே முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சாங்கர் சீக்குவன்ஸ் முறையில் முதல் சில பத்து எழுத்துகளும் 700, 800க்குப் பிறகு வருபவையும் நம்பத்தக்கவை அல்ல. வெட்டிவிட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும். குரோமட்டோகிராமைப் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் மறுபக்க பிரைமரால் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இன்னொரு தடவை சீக்குவன்ஸ் செய்விக்க வேண்டும். அதற்குக் காசு போகும், ஆகவே அதற்கு முன் மேற்பார்வையாளரிடம் குரோமட்டோகிராமைக் காட்டிவிடுங்கள்.

*கிளை இ: மரபணு மைட்டோகொண்ட்ரியாவுடையதா?*

மட்டக்களப்பு வாவி மீன், இறால், நண்டு என்று இனங்காணும் ஆய்வு செய்கிற எல்லோரும் சிஓஐ என்ற மைட்டோகொண்ட்ரிய மரபணுவில்தான் தொடங்குகிறார்கள். இனத்தை அடையாளம் காட்டும் வழமையான பார்கோட் துண்டு 658 எழுத்து. அதை மொழிபெயர்த்தால் நடுவில் சில நட்சத்திரம் வருகிறது, பிள்ளை பயந்துபோய் மாதிரி பழுதாகிவிட்டது என்று நினைக்கிறது. மாதிரியில் ஒன்றும் இல்லை. மைட்டோகொண்ட்ரியாவில் மரபுக் குறியீடு வேறு. பொது அட்டவணையில் டிஜிஏ என்பது ஸ்டொப், அங்கே அது டிரிப்டோபான். மொழிபெயர்ப்புப் பக்கத்தில் மரபுக் குறியீடு என்ற தெரிவைத் திறந்து, மீனுக்கு முதுகெலும்பி மைட்டோகொண்ட்ரியா, அதாவது அட்டவணை 2, இறாலுக்கும் நண்டுக்கும் முதுகெலும்பிலி மைட்டோகொண்ட்ரியா, அதாவது அட்டவணை 5 என்று மாற்றுங்கள். இரண்டையும் மாறிப் போட்டாலும் பிழை வரும்: ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் அட்டவணை 2இல் ஸ்டொப், அட்டவணை 5இல் செரின். இதைத் திருத்தியதும் 219 அளவு அமினோ அமிலம் ஒரே ஓட்டமாக வரும், பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தரவுத்தளத்தில் பிஎஃப்00115 என்ற சிஓஎக்ஸ்1 (சிஓஐயின் மறுபெயர்) குடும்பம் உடனே பொருந்தும். முழுப் புரதம் 500க்கு மேல் அமினோ அமிலம் கொண்டது, உங்களிடம் இருப்பது அதன் ஒரு துண்டு, ஆகவே பொருத்தம் பாதியில் நிற்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

அட்டவணை சரி, ஆறு சட்டகமும் பார்த்தாயிற்று, இன்னும் நடுவில் நட்சத்திரம் நிற்கிறதா? அப்போது கலத்தின் கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட பழைய மைட்டோகொண்ட்ரியப் பிரதி, நம்ட் என்பார்கள், அது பிசிஆரில் பெருகியிருக்கலாம். இங்கே இணைய டூல் உதவாது. வேறு பிரைமர் சோடி, அல்லது ஆர்என்ஏயிலிருந்து சிடிஎன்ஏ எடுத்துச் செய்வது, இரண்டில் எது என்று மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் அனுபவம் உள்ளவர் ஒருவரோடு கதைத்து முடிவெடுங்கள்.

*கிளை ஈ: வரிசை சுத்தம், ஆனாலும் வெறுமை*

இப்போதுதான் டூலை மாற்ற வேண்டும். இன்டர்ப்ரோவில் பார்த்தவர் என்சிபிஐயின் சிடி-சேர்ச் என்ற டொமைன் தேடலில் பாருங்கள், மறுகா ஸ்மார்ட் என்ற தளத்தில். ஸ்மார்ட்டில் தேடும்போது பிஃபாம் டொமைன்கள், சிக்னல் பெப்டைட் (புரதத்தை வெளியே அனுப்பும் முன்துண்டு) ஆகிய பெட்டிகளில் சரி போட்டுவிட்டுத் தேடுங்கள், போடாமல் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய.

அங்கும் இல்லையென்றால் எச்எச்பிரெட். ஜெர்மனியில் டூபிங்கனில் உள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் டூல்கிட் பக்கத்தில் இருக்கிறது. இது உங்கள் ஒற்றை வரிசையை மட்டும் வைத்துத் தேடாமல் அதன் உறவு வரிசைகளையும் திரட்டி, ஒரு சுயவிவரத்தை இன்னொரு சுயவிவரத்தோடு ஒப்பிடும், ஆகவே தூரத்து உறவையும் பிடிக்கும். அதில் நிகழ்தகவு என்ற நிரலைப் பாருங்கள். 95 வீதத்துக்கு மேல் என்றால் உறவு ஏறத்தாழ உறுதி. 50க்கு மேல் என்றால் தள்ளிவிடாமல் யோசிக்க வேண்டியது, ஆனால் அதை மட்டும் வைத்து அறிக்கையில் "இந்த டொமைன் உண்டு" என்று எழுதக்கூடாது.

அடுத்தது வடிவம். ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் ஊகித்த வடிவம் கிடக்கிறது, உங்களுடையதோ அதன் நெருங்கிய உறவோ இருக்கும். அந்தக் கோப்பை ஃபோல்ட்சீக்கில் போட்டால் வரிசை ஒற்றுமை தெரியாத இடத்திலும் வடிவ ஒற்றுமை தெரியவரும். படத்தில் நம்பிக்கை மதிப்பு 50க்குக் கீழே, செம்மஞ்சள் நிறத்தில் நூல் மாதிரி நீளமாகத் தொங்குகிற பகுதி இருந்தால் அது பெரும்பாலும் ஒழுங்கற்ற பகுதி. அங்கே டொமைன் தேடுவதை நிறுத்திவிடலாம்.

வெறுமை என்பதே சில வேளை சரியான விடை என்பதையும் மனதில் வையுங்கள். அறியப்பட்ட புரத வரிசைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குத்தான் பிஃபாமில் ஏதாவது பொருத்தம் உண்டு, அமினோ அமிலக் கணக்கில் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான். இறாலின் நோய் எதிர்ப்புப் புரதமான கிரஸ்டின் நல்ல உதாரணம். முன்னால் சிக்னல் பெப்டைட், பல கிரஸ்டின்களில் அதற்குப் பின் கிளைசின் நிறைந்த நீட்டு ஒன்று, கடைசியில் எட்டு சிஸ்டீன் கொண்ட, ஐம்பது அமினோ அமில அளவான வப் டொமைன், பிஃபாமில் பிஎஃப்00095. நடுப்பகுதி வெறுமையாக வருவது பிழை இல்லை. சரிபார்க்க விரும்பினால் கடைசிப் பகுதியில் சிஸ்டீன்களை விரலால் எண்ணுங்கள், எட்டும் இருந்தால் டூல் சொல்வதை நம்பலாம். டூல் ஒன்றும் சொல்லாமல் எட்டில் ஆறுதான் இருந்தால் உங்கள் வரிசையின் முடிவு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எச்எச்பிரெட், ஃபோல்ட்சீக் இரண்டும் கைவிட்ட பிறகும் உங்கள் ஆய்வு அந்த ஒரு பகுதியை நம்பியே நிற்கிறது என்றால் கட்டமைப்பு உயிரியல் தெரிந்தவரைத் தேடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

அறிகுறி 3: டொமைன் வருகிறது, ஆனால் பாதிதான்

சிடி-சேர்ச்சில் பட்டையின் ஓரம் ரம்பப் பல்லைப் போல அறுபட்டிருக்கும். பிஃபாம் குடும்பங்களோடு ஒப்பிடும் எச்எம்எம்ஸ்கான் முடிவில் என்றால் டொமைன் மாதிரியுருவின் 1ஆம் இடத்தில் தொடங்காமல் நடுவில் தொடங்கி நடுவில் முடியும்.

முதல் கேள்வி: உங்கள் பிரைமர் எங்கே உட்காருகிறது? அம்பாறைப் பக்கம் வயல்களிலிருந்து நெல் எடுத்து நோய் எதிர்ப்பு மரபணுக்களைத் தேடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பி-லூப்புக்கும் ஜிஎல்பிஎல் என்ற இடத்துக்கும் நடுவில் உள்ள துண்டைத்தான் பெருக்குகிறார்கள், ஏறத்தாழ 500 எழுத்து. அந்த இரண்டு இடமும் இந்த எதிர்ப்புப் புரதங்களின் என்பி-ஏஆர்சி டொமைனுக்கு உள்ளேயே இருக்கின்றன. ஆகவே பாதி டொமைன் வருவதுதான் முறை, முழுதாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு லூசின் நிறைந்த மீள்பகுதி ஏன் வரவில்லை என்று கேட்பதிலும் பயனில்லை, அது இன்னும் பின்னால் இருக்கிறது.

இதே துண்டில் இன்னொரு சோதனை செய்யலாம், ஒரு நிமிடம் போதும். நடுவில் எல்எல்விஎல்டிடிவி (LLVLDDV) என்ற மாதிரி ஒரு தொடர் வரும், கைனேஸ்-2 என்பார்கள். அதற்கு அடுத்த எழுத்து டபிள்யூ என்றால் முன்முனையில் டிஐஆர் என்ற டொமைன் இல்லாத வகை, டி (D) என்றால் டிஐஆர் வகை. நெல் போன்ற தானியங்களில் இந்த டிஐஆர் வகை எதிர்ப்பு மரபணு (டிஐஆர்-என்பிஎஸ்-எல்ஆர்ஆர்) இல்லை. உங்கள் நெல் மாதிரியில் அது வந்தால் டொமைன் டூலோடு மல்லுக்கட்ட வேண்டாம், வரம்போரத்து அகன்ற இலைக் களை ஏதாவது மாதிரியோடு கலந்துவிட்டதா என்று பாருங்கள். புதிதாக இலை எடுத்து டிஎன்ஏ பிரித்தெடுப்பதுதான் வழி.

பிரைமர் காரணம் இல்லையென்றால் இன்ட்ரோன், அதாவது புரதமாக மாறாத இடைத்துண்டு. மரபணுத் தொகுதி டிஎன்ஏயிலிருந்து நேரே பெருக்கினால் இடையில் உள்ள இன்ட்ரோனும் சேர்ந்து வந்து டொமைனை இரண்டாகப் பிளக்கும். பிளாஸ்ட்-எக்ஸில் இரண்டு பொருத்தத்துக்கும் நடுவில் பொருந்தாத ஒரு நீட்டு இருக்கும். ஓகஸ்டஸ் போன்ற மரபணு ஊகிப்பு டூலில் நெருங்கிய இனத்தைத் தெரிவுசெய்து போட்டுப் பாருங்கள், அதுவும் குழம்பினால் சிடிஎன்ஏ.

அரிதாக ஒரு டொமைனுக்குள் இன்னொரு டொமைன் செருகியிருக்கும், அப்போது வெளி டொமைன் இரண்டு துண்டாகத் தெரியும். ஆல்ஃபாஃபோல்ட் படத்தைப் பார்த்தால் அந்த இரண்டு துண்டும் ஒன்றாகச் சேர்ந்து மடிந்திருப்பது தெரியும்.

அறிகுறி 4: அளவுக்கு மேல் பொருத்தங்கள்

இதில் இரண்டு வகை.

வரிசைக் கோலங்களைத் தேடும் ஸ்கான்புரொசைட்டில் இருபது முப்பது வரி வந்திருக்கிறது, கிளைக்கோசைலேற்றம், பொஸ்போரிலேற்றம், மிரிஸ்டாயிலேற்றம் என்று. அவை டொமைன் இல்லை, மூன்று முதல் ஆறு எழுத்துவரையான கோலங்கள். அஸ்பரஜின், அதன்பின் புரோலின் தவிர எதுவும், அதன்பின் செரினோ திரியோனினோ, அதன்பின் மீண்டும் புரோலின் தவிர எதுவும்: இந்த விதிக்கு எந்தப் புரதத்திலும் தற்செயலாகவே இடம் கிடைக்கும். அடிக்கடி வரக்கூடிய கோலங்களை விலக்கு என்ற பெட்டி அந்தப் பக்கத்திலேயே உண்டு, அதில் சரி போட்டுவிட்டு மறுபடி தேடுங்கள். இவற்றை ஆய்வறிக்கையில் டொமைன் அட்டவணைக்குள் போடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனம் வருந்துகிறது, ஏனென்றால் நல்ல வேலை ஒன்றின் மதிப்பை அந்த ஒரு அட்டவணை கெடுத்துவிடும்.

இரண்டாவது வகை இன்டர்ப்ரோவில். கபில நிறத் தத்திக்கு எதிர்ப்புத் தருகிற நமது பாரம்பரிய நெல் ரத்து ஹீனட்டியை எடுப்போம், அதன் பிபிஎச்3 என்ற எதிர்ப்பு மரபணு இடத்தில் லெக்டின் ரிசெப்டர் கைனேஸ்கள் இருப்பது 2015இல் வெளியானது. அப்படியொரு புரதத்தை இன்டர்ப்ரோவில் போட்டால் கைனேஸ் பகுதிக்கு மட்டும் நான்கைந்து பட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கைனேஸ் டொமைன் ஒன்று, கைனேஸ் போன்ற மேற்குடும்பம் ஒன்று, செயலிடம் ஒன்று, ஏடிபி பிணையும் இடம் ஒன்று. ஐந்து கைனேஸ் இல்லை, ஒரே கைனேஸை ஐந்து கோணத்தில் சொல்கிறது. பட்டைக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: எஃப் என்றால் குடும்பம், டி டொமைன், எச் மேற்குடும்பம், ஆர் மீள்பகுதி, எஸ் இடம். டொமைன் எண்ணிக்கைக்கு டியை மட்டும் எண்ணுங்கள். ஒரே இடத்தில் இரண்டு டி ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் அதையும் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

அறிகுறி 5: இரண்டு டூல், இரண்டு விடை

பெயர் மட்டும் வேறா, எல்லை வேறா, டொமைனே வேறா என்று முதலில் பிரியுங்கள்.

பெயர் வேறு என்றால் இரண்டு முடிவையும் இன்டர்ப்ரோ எண்ணுக்குக் கொண்டுபோங்கள், ஐபிஆர் என்று தொடங்குவது. ஒரே எண்ணுக்குள் விழுந்தால் சண்டை முடிந்தது. எல்லை பத்துப் பதினைந்து அமினோ அமிலம் முன்பின்னாக இருப்பது சாதாரணம், ஒவ்வொரு தரவுத்தளமும் தன் டொமைன் மாதிரியுருவைத் தானே வெட்டி வைத்திருக்கிறது. அறிக்கையில் ஒரு டூலின் எல்லையைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள், கலக்க வேண்டாம். குளோன் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆல்ஃபாஃபோல்ட் வடிவத்தில் எங்கே மடிப்பு முடிகிறது என்று பார்த்து எல்லையை முடிவுசெய்யுங்கள்.

டொமைனே வேறு என்றால் ஈ-மதிப்பை, அதாவது இப்படியொரு பொருத்தம் தற்செயலாக எத்தனை தடவை வரும் என்ற கணக்கை, பாருங்கள், ஆனால் ஒரு டூலின் ஈ-மதிப்பை இன்னொன்றின் ஈ-மதிப்போடு நேரே ஒப்பிடக் கூடாது, அது தேடிய தரவுத்தளத்தின் அளவோடு மாறுகிறது. பிஃபாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பராமரிப்பவர்கள் கையால் வைத்த வெட்டுமதிப்பு உண்டு, அதைத் தாண்டினால் நம்பலாம். சிடி-சேர்ச்சில் குறிப்பான பொருத்தம் என்று வருவதும் அதே மாதிரி. மேற்குடும்பம் என்று மட்டும் வெளிர் நிறத்தில் வந்தால் அந்த அளவுக்கு மேல் அறிக்கையில் எழுதாதீர்கள். லூசின் நிறைந்த மீள்பகுதிகளில் இந்த முரண் அடிக்கடி வரும். ஒவ்வொரு மீள்பகுதியும் சிறிது, பிஃபாம் பலவற்றைத் தவறவிடும், அதே இடத்தில் வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட ஜீன்3டி என்ற தரவுத்தளம் நீளமான ஒரே பட்டையாகக் காட்டும். அங்கே ஜீன்3டியை நம்புங்கள்.

அறிகுறி 6: வழிகாட்டியில் சொன்ன பக்கமே இல்லை

செய்முறைக் கையேட்டில் பிஃபாம் தனித் தளமாகப் படத்தோடு இருக்கும், உலாவியில் போட்டால் இன்டர்ப்ரோ வந்து நிற்கும். 2022, 2023 காலத்தில் அந்தத் தளத்தை மூடி இன்டர்ப்ரோவுக்குள் சேர்த்துவிட்டார்கள். பிஎஃப் எண்கள் அப்படியே செல்லும், இன்டர்ப்ரோ தேடல் பெட்டியில் போட்டால் வரும். புரொடொம் என்ற பழைய டொமைன் தரவுத்தளத்தைக் கேட்கிற கையேடு இன்னும் பழையது, அதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 7: ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

வேலை ஓடுவது இங்கிலாந்தில் உள்ள சேவரில், உங்கள் மடிக்கணினியில் இல்லை. ஆகவே கரண்ட் போனாலும் டேட்டா முடிந்தாலும் வேலை நிற்காது. வேலை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், பிறகு வந்து பார்க்கலாம். ஆனால் முடிவு அங்கே சில நாள்தான் கிடக்கும், வந்ததும் தரவிறக்கி வையுங்கள். பல மணி நேரமாக அசையாவிட்டால் ஒரே ஒரு வரிசையை மட்டும் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் நீங்கள் போட்ட தொகுதி பெரிது, பிரித்துப் போடுங்கள். ஒன்றுகூட ஓடாவிட்டால் சேவரில்தான் கோளாறு, அன்றைக்கு சிடி-சேர்ச்சில் வேலையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வரிசை இருந்தால் இன்டர்ப்ரோஸ்கானை லினக்ஸ் கணினியில் நிறுவ வேண்டும், விண்டோஸில் நேரே ஓடாது, தரவுக்கே பெரிய இடம் வேண்டும். அந்த வேலைக்கு லினக்ஸ் பழகிய ஒருவரைத் தொடக்கத்திலேயே கூட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிளையிலும் முடிவு கிடைக்காமல் இன்னொருவரிடம் கேட்கப் போகும்போது ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். வரிசையை எழுத்தாக, ஃபாஸ்டாவில் அனுப்புங்கள். எந்த உயிரி, டிஎன்ஏயிலிருந்தா சிடிஎன்ஏயிலிருந்தா, எந்த பிரைமர், எந்த டூல், அதன் எந்தப் பதிப்பு, எந்தத் திகதி, வேலை எண் என்ன, மேலே உள்ளவற்றில் எதுவரை பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். இன்டர்ப்ரோவின் உதவிப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே விபரங்களைத்தான் கேட்பார்கள்.